சாய்ந்த மலையும் தட்டையான பட்டாவும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பேருந்தில் போகும்போது நீங்கள் என்ன செய்வீர்கள்? பெரும்பாலோர் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணுவார்கள். மொத்தம் இருபது வளைவுகள். கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கும் சேலத்தை விட்டு, ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டை அடைவதற்குள் காற்று குளிர்ந்துவிடுகிறது. காப்பித் தோட்டங்களும், அவற்றுக்கு நிழல் தரும் உயர்ந்த மரங்களும் இருபுறமும் தோன்றுகின்றன.

அவற்றுக்கிடையே வேறொன்றும் கண்ணில் படும். அதுதான் 'மனைகள் விற்பனைக்கு' என்ற அறிவிப்புப் பலகை. ஐந்து சென்ட், பத்து சென்ட் என்று அளவும் எழுதியிருக்கும். பலகைக்குப் பின்னால் உள்ள நிலத்தைப் பாருங்கள். வீட்டுக் கூரை போலச் சரிந்து கிடக்கிறது. இப்போது ஒரு கேள்வி. அந்தப் பத்து சென்ட்டை எப்படி அளப்பது? சரிவின் மேலேயே நாடாவை விரித்து அளப்பதா? அல்லது வேறு வழி உண்டா?

சாதாரணமாகத் தோன்றும் இந்தக் கேள்விக்குள் ஒரு வடிவியல் பாடமும், இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறும், பல குடும்பங்களின் சேமிப்பும் அடங்கியிருக்கின்றன.

ஒரு சிறு கணக்கு

பத்து சென்ட் என்பது 4,356 சதுர அடி. ஒரு பக்கம் 66 அடி கொண்ட சதுரம் என்று வைத்துக்கொள்ளலாம். நிலம் 30 பாகை சாய்ந்திருக்கிறது. அதை வாங்கியவர் மேலிருந்து கீழாகத் தரையோடு தரையாக நாடாவை விரித்து, 66 அடியில் எல்லைக்கல்லை நட்டுவிடுகிறார். குறுக்கே நிலம் சமமாக இருப்பதால் அங்கே தொல்லை இல்லை.

அவர் நட்ட கல் சரியான இடத்தில் இருக்கிறதா? இல்லை. பட்டாவிலும் புலப்படத்திலும் உள்ள நீளம் சரிவின் நீளம் அன்று. அது கிடைமட்ட நீளம். பகல் உச்சியில் சூரியன் நேர் மேலே நிற்கும்போது, சாய்த்து வைத்த பலகையின் நிழல் தரையில் விழுவதை எண்ணிப் பாருங்கள். நிழலின் நீளம் பலகையின் நீளத்தைவிடக் குறைவாக இருக்கும். அந்த நிழலைத்தான் நில அளவை கணக்கில் கொள்கிறது.

சரிவு நீளத்தைச் சாய்வுக் கோணத்தின் கொசைன் மதிப்பால் பெருக்கினால் கிடைநீளம் வரும். 30 பாகைக்கு அந்த மதிப்பு 0.866. எனவே 66 அடிச் சரிவின் கிடைநீளம் ஏறக்குறைய 57.2 அடிதான். அவர் வேலி போட்ட நிலம் 8.66 சென்ட். உண்மையில் அவருக்குரிய கல் சரிவில் 76.2 அடியில் இருக்க வேண்டும். பத்தடி நிலத்தை அறியாமலேயே விட்டுக்கொடுத்துவிட்டார்!

இதை மறுபுறமிருந்தும் பாருங்கள். பட்டாவில் ஓர் ஏக்கர் உள்ள சரிவு நிலத்தைச் சரிவின் மேல் அளந்து பத்து சென்ட் மனைகளாகப் பிரித்தால், பத்து மனைகளுக்குப் பதிலாகப் பதினொன்றரை மனைகள் கிடைப்பதுபோலத் தோன்றும். அந்த ஒன்றரை மனை எங்கிருந்து வந்தது? வாங்கிய ஒவ்வொருவருடைய மனையிலிருந்தும் சிறிது சிறிதாக வந்தது. அளந்தவருக்கு இது தெரிந்திருந்தால் ஏமாற்று; தெரியாவிட்டால் அறியாமை. வாங்கியவருக்கு இரண்டும் ஒன்றே.

சாய்வு 10 பாகையாக இருந்தால் நூறு அடிச் சரிவுக்கு 98.5 அடி கிடைநீளம்; 20 பாகைக்கு 94 அடி; 45 பாகைக்கு 70.7 அடி. சரிவு கூடக்கூட வேறுபாடு விரைந்து பெருகுவதைக் கவனியுங்கள்.

கிடைநீளம் ஏன்?

'தரையில் உள்ளதை உள்ளபடி அளந்தால் என்ன?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். முதற்காரணம், மரமும் வீடும் சரிவுக்குச் செங்குத்தாக நிற்பதில்லை. வானை நோக்கி நிமிர்ந்தே நிற்கின்றன. சரிவில் வீடு கட்டுபவர் முதலில் ஒரு சமதளத்தை வெட்டி உண்டாக்குகிறார். மழையும் அவ்வாறே, ஒரு நிலத்தின் கிடைப்பரப்பு எவ்வளவோ, அதற்குரிய மழையே அதன்மேல் விழும்.

இரண்டாவது காரணம் வரைபடத்தைச் சார்ந்தது. ஒரு கிராமத்தின் நூற்றுக்கணக்கான புலங்களும் இடைவெளியின்றி ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ஒருவர் சரிவையும், மற்றவர் கிடைநீளத்தையும் அளந்தால் துண்டுகள் சேரமாட்டா. கிடைநீளங்கள் மட்டுமே ஒரு தட்டையான தாளில் பிசகின்றிப் பொருந்தும்.

சமவெளியில் எழாத கேள்வி

தமிழகத்தில் நிலம் அளக்கும் கலை ஆங்கிலேயர் கொண்டுவந்ததன்று. முதலாம் இராசராச சோழன் காலத்தில், 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, சோழநாட்டு நிலங்கள் கோல் கொண்டு அளக்கப்பட்டன. வேலி, மா, காணி, முந்திரி என்று மிக நுண்ணிய பின்னங்கள் வரை நிலப்பரப்பைக் கல்வெட்டுகள் குறிக்கின்றன.

ஆனால் காவிரிக் கரை வயலில் சரிவுக் கேள்வி எழவே இல்லை. ஏன் தெரியுமா? நெல் வயலில் தண்ணீர் நிற்க வேண்டும். தண்ணீர் நிற்க வேண்டுமானால் வயல் மட்டமாக இருக்க வேண்டும். உழவரே பரம்படித்து நிலத்தைக் கிடைமட்டமாக்கிவிடுகிறார்! அங்கே தரையின் நீளமும் கிடைநீளமும் ஒன்றே. மலை ஏறியபின்தான் இரண்டும் பிரிகின்றன.

சேலத்தில் ஒரு தொடக்கம்

1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த பகுதிகளில் சேலமும் பாராமகாலும் ஆங்கிலக் கம்பெனிக்கு வந்தன. இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கங்களே பாராமகால். இவற்றை ஆள அலெக்சாண்டர் ரீட் என்ற படைத்தலைவர் அமர்த்தப்பட்டார். அவருக்குத் துணையாக வந்த இளம் அதிகாரிகளுள் ஒருவர் தாமஸ் மன்றோ. தருமபுரியில் தங்கி, 1799 வரை அவர் அங்கே பணியாற்றினார்.

ஊருக்கு மொத்தமாக ஒரு தொகையை வரியாக விதிப்பதா, ஒவ்வோர் உழவரிடமும் தனித்தனியே வரி கொள்வதா என்பது அவர்கள் முன் இருந்த வினா. தனித்தனியே என்றால், ஒவ்வொரு வயலையும் அளந்தாக வேண்டும். இப்படித் தொடங்கிய முறையே பின்னர் ரயத்துவாரி முறை என்று பெயர் பெற்றது. அளவையின் நோக்கம் வரி. ஆயினும் வரிக்காக எழுதிய கணக்கே நாளடைவில் உடைமைக்கும் சான்றாகியது.

மன்றோ பின்னர் கடப்பை, பெல்லாரிப் பகுதிகளை அளக்கச் செய்தபோது 33 அடிச் சங்கிலியைப் பயன்படுத்தினார். 33 அடிச் சதுரத்துக்குக் குண்டா என்று பெயர். நாற்பது குண்டா சேர்ந்தால் சரியாக ஓர் ஏக்கர். பெருக்கிப் பாருங்கள்: 33 × 33 × 40 = 43,560 சதுர அடி.

இங்கே ஒரு தவறான செய்தியைத் திருத்திக்கொள்வோம். 1842இல் மன்றோ ஏற்காட்டைக் 'கண்டுபிடித்தார்' என்று சில சுற்றுலாக் குறிப்புகளில் காணலாம். சென்னை ஆளுநராக இருந்த மன்றோ 1827ஆம் ஆண்டிலேயே காலரா கண்டு இறந்துபோனார். 1842இல் அவர் எப்படி வந்திருக்க முடியும்? மேலும், மலையாளிப் பழங்குடி மக்கள் காலங்காலமாக வாழ்ந்துவரும் மலையைப் புதிதாகக் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இம்மலையில் காப்பிப் பயிரைப் பரப்பினார். காப்பித் தோட்டங்கள் பெருகியபோது, மலை நிலத்துக்கும் எல்லையும் எண்ணும் தேவைப்பட்டன.

பரங்கிமலையில் விரிந்த சங்கிலி

வரிக்கான அளவை வயல் வயலாக நடந்துகொண்டிருந்த காலத்தில், வேறொரு பெரும் அளவை சென்னையில் தொடங்கியது. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையே ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதன் நீளம் ஏழரை மைல். எஃகுச் சங்கிலி நூறு அடி நீளமுடையது. இரண்டரை அடிக் கம்பிகள் நாற்பது சேர்ந்தது. அளந்து முடிக்க 57 நாட்கள் ஆயின.

ஏன் இவ்வளவு நாட்கள்? சங்கிலியைத் தரையில் போட்டு இழுக்கவில்லை. முக்காலிகளின்மேல் மரப்பெட்டிகளை வைத்து, அவற்றுள் சங்கிலியைக் கிடத்தினார்கள். வெப்பமானியையும் உடன் வைத்தார்கள். எஃகு வெயிலில் நீளும் அல்லவா? 20 பாகை செல்சியஸ் வெப்பம் கூடினால், நூறு அடி எஃகு கால் அங்குலத்துக்குச் சற்று மிகுதியாக நீளும். அற்பமாகத் தோன்றுகிறதா? நாற்பதாயிரம் அடிக்கு அது ஒன்பது அடிப் பிழை! அடிக்கோடு மேடேறிய இடங்களில் சாய்வையும் அளந்து, நீளத்தைக் கிடைநீளமாக மாற்றினார். அதன்பின் கடல் மட்டத்துக்கும் குறைத்துக் கணக்கிட்டார்.

கடல் மட்டத்துக்குக் குறைப்பது எதற்கு? பூமி உருண்டை. நடுவிலிருந்து மேலே போகப்போக வட்டம் பெரிதாகிறது. ஏற்காட்டின் உயரத்தில் ஒரு கிலோமீட்டர் அளந்தால், கடல் மட்டத்தில் அதற்கு நிகரான கோடு ஏறக்குறைய 24 சென்டிமீட்டர் குறைவாக இருக்கும். மனை அளப்பவர் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. நாட்டை அளப்பவர் விட்டுவிட முடியாது.

அடிக்கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள மூன்றாவது இடத்தை நோக்கிக் கோணங்களை அளந்தால், முக்கோணத்தின் மற்றப் பக்கங்களைக் கணக்கிட்டே அறியலாம். அப்பக்கத்தின்மேல் அடுத்த முக்கோணம், அதன்மேல் மற்றொன்று. இதுவே முக்கோண அளவை. கோணமானியை வைக்க உயர்ந்த இடம் வேண்டும். ஆகவே மலையுச்சிகளே அளவையாளரின் ஆசனங்களாயின. மலையில்லாத தஞ்சையில் கோயில் விமானத்தின்மேல் ஏற்ற முயன்றபோது, அரை டன் எடையுள்ள அந்தக் கோணமானி கயிறறுந்து மோதிச் சேதமுற்றது. அது 1808ஆம் ஆண்டு. குமரி முனைப் பக்கத்திலிருந்து இமயத்தை நோக்கி வளர்ந்த முக்கோணத் தொடர், ஏறத்தாழ 78 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டி, சேர்வராயன் மலைக்குச் சற்று மேற்கே சென்றது.

இந்த வேலைகளுக்கெல்லாம் ஆட்கள் வேண்டுமே! 1794இல் சென்னையில் எட்டு மாணவர்களோடு ஒரு நில அளவைப் பள்ளி தொடங்கப்பட்டிருந்தது. அதுவே வளர்ந்து இன்று கிண்டிப் பொறியியல் கல்லூரியாக விளங்குகிறது. நம் நாட்டின் பொறியியல் கல்வி சங்கிலி பிடித்து நடந்த பிள்ளைகளிடமிருந்து தொடங்கியது என்று சொன்னால் மிகையாகாது.

சென்ட் எங்கிருந்து வந்தது?

எட்மண்ட் கன்ட்டர் என்ற ஆங்கிலக் கணித அறிஞர் 1620ஆம் ஆண்டளவில் ஒரு சங்கிலியை அமைத்தார். நீளம் 66 அடி, கண்ணிகள் நூறு. இந்த 66 என்ற எண் விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் பத்துச் சதுரச் சங்கிலி சரியாக ஓர் ஏக்கர். ஏக்கரில் நூற்றில் ஒரு பங்கு சென்ட். அப்படியானால் ஒரு சென்ட் என்பது ஆயிரம் சதுரக் கண்ணி.

இதனால் விளைந்த வசதியைப் பாருங்கள். ஒரு புலத்தின் மூலைவிட்டம் 500 கண்ணி. அதிலிருந்து எதிர்மூலைகளுக்கு இருபுறமும் உள்ள செங்குத்துகள் 200 கண்ணி, 160 கண்ணி. பரப்பு = ½ × 500 × 360 = 90,000 சதுரக் கண்ணி. மூன்று சுழிகளை நீக்கினால் 90 சென்ட். காகிதமே தேவையில்லை, மனக்கணக்கு போதும்!

சென்னை மாகாணத்தில் 1858இல் வரி நில அளவைக்கென்று தனித் துறை ஏற்பட்டது. மூலைவிட்டம் இட்டு, அதிலிருந்து ஒவ்வொரு வளைவுக்கும் செங்குத்து எடுக்கும் இம்முறை இங்கே பெரிதும் கையாளப்பட்டது. ஒவ்வொரு புலத்துக்கும் எண், படம், அளவுகள். இன்று நீங்கள் காணும் புலப்படத்தில் உள்ள முக்கோணங்கள் அவ்வாறு வந்தவையே. பிற்காலத்தில் ஹெக்டேரும் ஏரும் பட்டாவில் ஏறின. ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர், ஏறக்குறைய 2.47 சென்ட். ஆனாலும் மக்கள் நாவில் சென்ட்டே நிலைத்துவிட்டது. கன்ட்டர் இறந்து நான்கு நூற்றாண்டு ஆகப்போகிறது. அவருடைய கண்ணிகளை எண்ணித்தான் ஏற்காட்டில் இன்றும் விலை பேசுகிறோம்.

சரிவில் சங்கிலி பிடிக்கும் முறை

மலையில் கிடைநீளத்தை எப்படி எடுப்பது? கருவிகள் அதிகம் இல்லாத காலத்திலேயே இதற்கு ஓர் எளிய வழி இருந்தது. மேலே நிற்பவர் சங்கிலியின் நுனியைத் தரையில் அழுத்திப் பிடிப்பார். கீழே நிற்பவர் மறுமுனையைத் தூக்கி, மட்டமாக இழுத்துப் பிடிப்பார். அந்த முனையிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது தொடும் இடத்தில் முளை அடிப்பார். அங்கிருந்து அடுத்த படி. இவ்வாறு மலையை ஒரு படிக்கட்டாகக் கற்பனை செய்து அளப்பதால் இதைப் படி அளவை எனலாம். சரிவு மிகுந்தால் படியைச் சிறிதாக்க வேண்டும். இல்லாவிட்டால் தலைக்கு மேல் கை எட்டாது, சங்கிலியும் நடுவே தொய்யும்.

இன்று மின்னணுக் கோணமானி ஒளிக்கதிரால் தொலைவையும் கோணத்தையும் ஒருங்கே அளந்து, கிடைநீளத்தைத் தானே கணக்கிட்டுக் காட்டுகிறது. செயற்கைக்கோள் துணையாலும் எல்லைகளைக் குறிக்கிறார்கள். ஆனால் நாடாவைத் தரையில் விரித்து அளக்கும் பழக்கம் மறையவில்லை. கருவி புதிதாகிவிட்டது, கொசைன் மாறவில்லை.

கல்லும் காகிதமும்

1923ஆம் ஆண்டு நில அளவை, எல்லைச் சட்டம் தமிழ்நாட்டில் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன்படி அளவை முடிந்ததும் அறிவிப்பு வெளியாகும். அதில் கண்ட எல்லையை ஒப்பாதவர் மூன்று ஆண்டுக்குள் நீதிமன்றம் செல்ல வேண்டும். இல்லையேல் பதிவான எல்லையே முடிவான சான்று.

எழுத்தறிந்தவருக்கு இது பாதுகாப்பு. அறிவிப்பைப் படிக்க இயலாத மலைவாழ் உழவருக்கு? ஓடையையும் பாறையையும் எல்லையாகக் கொண்டு தலைமுறைகளாகப் பயிரிட்டவரின் நிலம் காகிதத்தில் ஏறாவிட்டால், சட்டத்தின் கண்ணில் அது அவருடையது ஆகாது. காட்டு நிலத்தில் வாழும் பழங்குடியினரின் உரிமைகளை ஏற்கும் வன உரிமைச் சட்டம் வந்தது 2006ஆம் ஆண்டில்தான். அளவை என்பது கணக்கு மட்டுமன்று. யார் பெயர் எழுதப்பட்டது, யார் பெயர் விடுபட்டது என்ற வரலாறும் அதில் உண்டு.

படத்தில் இல்லாத உயரம்

புலப்படத்துக்கு ஒரு குறை உண்டு. சரிவைக் கிடைநீளமாக்கும்போது உயரம் மறைந்துவிடுகிறது. படத்தில் சமமாகத் தோன்றும் இரண்டு மனைகளில் ஒன்று மட்டமாகவும், மற்றது செங்குத்தாகவும் இருக்கலாம். மலையில் வீடு கட்டுபவர் எல்லைப் படத்தோடு சம உயரக் கோட்டுப் படத்தையும் கேட்டுப் பெற வேண்டும். ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பவை இக்கோடுகள். அவை நெருங்கியிருந்தால் சரிவு கடுமை. விலகியிருந்தால் சரிவு மென்மை. கோடுகள் மேட்டை நோக்கி மடிந்திருக்கும் இடம் மழைநீர் இறங்கும் பள்ளம். கோடையில் அது வறண்டு கிடப்பதைக் கண்டு அங்கே அடித்தளம் தோண்டினால், மழைக்காலத்தில் ஓடை தன் வழியைத் தேடி வரும்.

சரிவை வெட்டிச் சமன் செய்தால், வெட்டிய மண்ணைத் தாங்கச் சுவர் வேண்டும். அந்தச் சுவரில் நீர் வெளியேறத் துளைகளும் வேண்டும். ஈர மண் காய்ந்த மண்ணைவிட எடை மிக்கது. தேங்கிய நீரின் அழுத்தமும் அதோடு சேர்ந்துகொள்ளும். துளைகளை அடைத்துப் பூசிய சுவர் பார்க்க அழகாக இருக்கும். கனமழையில் அதுவே முதலில் சாயும். இத்தகைய காரணங்களால்தான் மலைப்பகுதிகளில் மனைப்பிரிவுகளையும் கட்டடங்களையும் ஆராய்ந்து இசைவளிக்க 1990இல் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தைத் தமிழ்நாடு அரசு ஏற்படுத்தியது. ஏற்காட்டு மலையூர்களும் அதன் வரம்புக்குள் வருகின்றன.

நீங்கள் மாணவரானால், ஒரு சோதனை செய்து பாருங்கள். மாடிப்படியின் கைப்பிடிச் சுவரின் சாய்வு நீளத்தை நாடாவால் அளந்துகொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு படியின் அகலத்தையும் அளந்து கூட்டுங்கள். இரண்டும் ஒன்றாகா. முதலாவது, மனை வாங்கியவர் அறியாமல் அளந்த நீளம். இரண்டாவது, பட்டாவில் உள்ள நீளம். வீட்டில் யாரேனும் மலையில் மனை வாங்கப்போவதாகச் சொன்னால், அந்தப் படிக்கட்டின் அருகே அவரை அழைத்துச்சென்று இதைக் காட்டுங்கள். பத்திரத்தில் கையெழுத்திடும் முன்பு அவர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: 'இதை அளந்தபோது நாடாவை மட்டமாகப் பிடித்தீர்களா?'